ஈயத்தில் இருந்த ராசமலர்

1957ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலிருந்து சல்லிக் கடற்கரை மணலில் ராசமலரின் காலடி பதியவில்லை. அந்த மாதம் சூடை மீன் மலிந்து கிடந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடாக இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல்படை ஊர் திரும்புவதற்காகத் தன் சாமான்களைப் பெட்டிகளில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ராசமலரின் கால் விஷயமும் இவற்றோடு ஒன்றாகப் பேசப்பட்டது. முதலில் கண்டவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள். அவள் அவர்களைக் கடந்து ஈரமணலில் நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் மணல், அலை விட்டுப்போனபடியே வழவழவென்று கிடந்தது. நண்டு ஓடினாலே கோடு விழுகிற மணல் அது. ஒருவன் கயிற்றை விட்டு எழும்பிப் போய் அந்த இடத்தில் தன் காலை வைத்துப் பார்த்தான். பதிந்தது. "மணலில பிழை இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி கயிற்றைப் பிடித்தான்.

காரணம் என்னவென்று ஊருக்குள் யாரும் விசாரிக்கவில்லை. ஊருக்கு அது முன்பே தெரியும். அதுவரை தெரியாமல் இருந்தவள் ராசமலர் ஒருத்திதான்.

சல்லியில் சின்னப்போடி என்ற மீனவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ராசமலர், இளையவள் சிவகாமிப்பிள்ளை. ராசமலர் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறாமல் இல்லை. எழும்பி நின்று வாசி என்றால் அவளுக்குக் குரல் வராது. மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் குற்றம். வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று வேண்டும் என்று தகப்பன் அலைந்து, கடைசியில் மூதூர் அப்துல் மஜீத் நாநா திருகோணமலைப் பட்டினத்தில் வைத்திருந்த அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார். நாநாவிடம் இருந்தது காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு மெசின். யுத்தம் முடிந்த பிறகு கப்பல்துறையில் ஏலத்தில் எடுத்தது. அதோடு சரிவாக நிறுத்திய மரப் பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து, ஈயத்தில் வார்த்தது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி. ராசமலர் நின்றபடி எழுத்துகளைப் பொறுக்கி, வரி வரியாக அடுக்கி, நூலால் இறுகக் கட்டிக் கொடுப்பாள். மெசின் ஓட்டுபவன் மை பூசி அடிப்பான். அடித்து முடிந்ததும் கட்டை அவிழ்த்து எழுத்துகளைத் திரும்ப அந்தந்த அறையில் போட வேண்டும். இந்த வேலையில் பாதி கோர்ப்பது, பாதி பிரிப்பது. நேற்று மரண அறிவித்தலில் நின்ற 'ம' இன்று காதுகுத்துக் கலியாணத்தில் நிற்கும். இதனால் செத்தவருக்கோ பிள்ளைக்கோ ஒரு குறையும் வந்ததில்லை.

அச்சகத்தில் புரூப் தாளில் பிழை பார்க்க இராசையா என்றொருவர் வருவார். கப்பல்துறைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை குறைவு, கதை கூட. அச்சு எப்படிப் பிறந்தது என்பது அவருக்கு மிகவும் பிடித்த கதை. தொடக்கத்தில் சீன தேசத்தில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பலகையில் செதுக்கினார்களாம். அதில் ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால் பலகையையே உடைக்க வேண்டும். பிறகு ஒருவன் களிமண்ணில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி நெருப்பில் சுட்டானாம். கொரியாக்காரர் வெண்கலத்தில் வார்த்தார்கள், ஜெர்மன்காரன் ஒருவன் ஈயத்தில் வார்த்தான், பறங்கிப் பாதிரிமார் கொல்லத்தில் தமிழெழுத்தை வார்த்தார்கள். "அந்த நாளில இருந்து எந்தப் பேரையும் எந்த இடத்தில இருந்தும் கழட்டலாம், எதையும் கொண்டுவந்து போடலாம். அதுதான் விஷயம்" என்று முடிப்பார். மஜீத் நாநா உள்ளே இருந்து, "இராசையா அண்ணே, சீனாக்காரன் இருக்கட்டும், அந்த லேபிளைப் பாத்துத் தாங்க, தேயிலைக்காரன் வெளியில நிக்கிறான்" என்பார். ராசமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத்துப் பொறுக்குவாள்.

மெசின் ஓட்டியவன் கதிராமன், சாம்பல்தீவைச் சேர்ந்தவன். அவன் வாய் ஓயாதவன். அவள் பேசாதது அவனுக்கு வசதியாக இருந்தது. மெசின் மிதிக்கிற தாளத்துக்கு ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடிப்பான். அவள் கோர்த்ததில் முதலில் விழுகிற நல்ல தாளை எடுத்து, காயவைத்து, அவள் நிற்கிற இடத்தில் கொண்டுவந்து வைப்பான். இரண்டு வருடத்தில் இரு வீட்டாரும் பேசிக் கலியாணம் முற்றாயிற்று. 1956 பங்குனியில் ராசமலர் தன் கலியாணக் கார்டைத் தானே கோர்த்தாள். சின்னப்போடி, கண்ணம்மை தம்பதிகளின் சிரேஷ்ட புத்திரி என்று ஒரு வரி. அதற்குக் கீழே தனி வரியில் ராசமலர். அவள் பெயர் சின்னப் பெயர், வரி நிரம்பவில்லை. ஆகவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூ வைத்தாள். அந்தப் பூ அச்சு கப்பல்படைக்காரர்களின் நத்தார்ப் பண்டிகை விருந்துக் கார்டுக்கு வாங்கியது. கதிராமன் புரூப் அடித்து, உயர்த்திப் பிடித்துப் பார்த்து, "பூவுக்கு நடுவில நல்லாத்தான் இருக்கிறீர்" என்றான்.

அதே கிழமை சின்னப்போடியின் வள்ளம் கடலிலிருந்து திரும்பவில்லை. மரணம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. கார்டைப் பிரிக்க ராசமலருக்கு மனம் வரவில்லை. நூலால் கட்டியபடியே மேசைக்குக் கீழே ஒரு தட்டில் வைத்தாள். எழுத்து குறைந்த அச்சகத்தில் இது பெரிய சலுகை. மஜீத் நாநா முணுமுணுத்தார். பிறகு, "இருந்திட்டுப் போகட்டும், வாப்பா இல்லாத புள்ள" என்று விட்டுவிட்டார். இடையில் ஒரேயொரு தடவை மட்டும் அவள் அந்தக் கட்டை அவிழ்த்தாள், தகப்பனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பதற்காக. அதைக் கதிராமன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கட்டை அவிழ்ப்பதும், வேண்டியதைப் போடுவதும், திரும்பக் கட்டுவதும் எவ்வளவு லேசான வேலை என்று அன்றைக்கு அவன் கண்டான்.

அந்த வருடம் முழுவதும் ராசமலரின் சம்பளத்தில் வீடு சாப்பிட்டது. கதிராமன் வருங்கால மருமகன் என்ற உரிமையில் வந்துபோனான். மெசினுக்கு வேலை இல்லாத நேரம் அவன் வருவான், அப்போது ராசமலர் எழுத்துப் பிரித்துக்கொண்டு அச்சகத்தில் நிற்பாள். தேத்தண்ணீர் கொடுப்பவள் சிவகாமிப்பிள்ளை. ராசமலரோடு அவன் பேசினான். சிவகாமிப்பிள்ளையோ அவனோடு பேசினாள். வித்தியாசம் அவனுக்குப் பிடித்திருந்தது. தாய் கண்ணம்மைக்கு அது விளங்கியபோது அவள் கோபப்படவில்லை, யோசித்தாள். மூத்தவள் கலியாணம் முடித்தால் அவள் சம்பளம் புருஷன் கையில் போகும். இளையவள் முடித்தால் சம்பளம் வீட்டில் நிற்கும், மருமகனும் வீட்டுக்கே வருவான். இதை அவள் பிற்காலத்தில் யாருக்கும் மறைக்கவில்லை. அரிசி புடைக்கும்போது தவிடு ஒரு பக்கம் போவதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

1957 ஆனியில் ராசமலரை இலங்கைத்துறைக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுடைய சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. துடக்குக் கழியும்வரை ஒரு கை உதவி வேண்டும் என்றாள் தாய். அவள் லோஞ்ச் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியிலும் தோணியிலுமாகப் போய்ச் சேர்ந்தாள். சின்னம்மாவின் பிள்ளைக்கு வேம்பிலைத் தண்ணீர் வார்த்தாள், கருவாடு காயப்போட்டாள், மாலையில் கலியாணத்துக்கென்று தலையணை உறையில் நூல் வேலை செய்தாள். துடக்குக் கழிந்த பிறகு, மூதூர் இறங்குதுறையில் திரும்பும் லோஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் மைமூனா. வீடு வீடாகப் பன்புல் பாய் விற்கிறவள், சல்லிக்கும் வருகிறவள். பாய்க்கட்டைக் காலுக்குள் வைத்துக்கொண்டு முந்தானையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள்.

"புள்ள, நீங்க சல்லிதானே, அச்சு வேலை செய்யிற புள்ள? இத ஒருக்கா வாசிங்க பாப்பம். உங்கட உம்மா கையில தந்தவ. கலியாணம் எண்டு வெளங்கிச்சு, நாள்தான் மறந்து பெய்த்து."

ராசமலர் கார்டைக் கையில் வாங்கியதும் அது தன் வேலை என்று கண்டாள். வரிக்கும் வரிக்கும் விட்ட இடைவெளி அவள் விட்டது. 'காலஞ்சென்ற' அவள் சேர்த்தது. 'தம்பதிகளின்' என்ற சொல்லில் ஒரு 'த' கால் தேய்ந்த எழுத்து. வேறு கிடைக்காமல் அவள்தான் அதைப் போட்டிருந்தாள். நாள் மட்டும் புதியது. பூக்கள் இல்லை. பூக்கள் இருந்த இடத்தையும் சேர்த்து நிரப்பிக்கொண்டு, சற்றுத் தளர்வாக, கோர்த்துப் பழக்கமில்லாத கையொன்றின் வேலையாக, ஒரு நீண்ட பெயர் நின்றது. அவள் வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வராத குரல் அன்றைக்கு லோஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. காலஞ்சென்ற சின்னப்போடி, கண்ணம்மை தம்பதிகளின் சிரேஷ்ட புத்திரி சிவகாமிப்பிள்ளை.

"சிரேஷ்டம் எண்டா மூத்ததெல்லோ?" என்றாள் மைமூனா. "மூத்தவ நீங்க எண்டுதான் நான் நினைச்சிட்டிருந்தன்."

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றாள் ராசமலர்.

பட்டினத்தில் இறங்கி நேரே அச்சகத்துக்குப் போனாள். கதிராமன் மெசின் உருளையைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றான். அவள் கையை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள். சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். அவன் கன்னமோ கழுவிய பீங்கான்போல இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இராசையா கிட்ட வந்து, புரூப் பார்ப்பதுபோல் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். "ஒரு விரலும் விழேல்லை" என்றார். கதிராமன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஆறுதல் சொல்கிறவனைப்போலச் சொன்னான்: "நான் பேரை மட்டும்தான் மாத்தினனான், ராசு. மிச்சம் எல்லாம் நீர் கோத்தபடியேதான் கிடக்கு. ஒரு புள்ளியும் தொடேல்லை."

மஜீத் நாநா தான் அந்தக் கிழமை மூதூரில் அறுவடைக்கு நின்றதாக அல்லாவின் பேரில் சத்தியம் செய்தார். அது உண்மை. வேலைக்கு வேறு ஆள் இல்லாததால் கதிராமனை அவர் விலக்கவில்லை, அதுவும் உண்மை.

"என்ர எழுத்து எங்க?" என்று ராசமலர் கேட்டாள்.

"எங்க போறது? அறையிலதான் போட்டனான்."

அப்போது இராசையா மர வாங்குப் பலகையில் இருந்தபடி, யாரையும் பார்க்காமல் ஒரு விளக்கம் சொன்னார். இந்த அச்சுத் தொழிலுக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கிற டைப்போகிராபி என்ற பெயர் கிரேக்கரிடம் எடுத்ததாம். அதில் இரண்டு சொல் இருக்கிறதாம். பின் சொல்லுக்கு எழுதுவது என்று கருத்து. முன் சொல்லுக்கு அடி, அடித்த இடத்தில் விழுகிற தடம் என்று கருத்து. "தடத்தை ஒருக்கா ஈயத்தில கொண்டுபோய் வைச்சா, பிறகு அது அங்கதான் இருக்கும்போல. இந்தப் பிள்ளையின்ர தடம் முழுக்க அந்தக் கார்டில போய் இருந்திருக்கு. இவன் அதைக் கலைச்சுப்போட்டான்." இதைவிட நல்ல விளக்கம் பட்டினத்தில் வேறு யாரிடமும் இருக்கவில்லை. ஆகவே இதுவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வீட்டில் கண்ணம்மை பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டும் உலக்கையை நிறுத்தவில்லை. "உனக்குக் கையில தொழில் இருக்கு. அவளுக்கு என்ன கிடக்கு, சொல்லு பாப்பம்? நீ எங்கயும் தப்புவாய்" என்றாள். சிவகாமிப்பிள்ளை குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவுக்குக் கீழே அவள் கால்விரல்கள் தெரிந்தன. ராசமலர் கதவுக்கு முன்னால் போய் நின்று, பத்தொன்பது வயதுத் தங்கையைப் பார்த்து, மிகுந்த மரியாதையாக, "அக்கா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள். கார்டில் அப்படித்தானே கிடந்தது. அதன்பிறகு ஒருநாளும் அவள் தங்கையை வேறு விதமாகக் கூப்பிடவில்லை.

'சிரேஷ்ட' என்ற சொல்லை மாற்றாமல் விட்டது கதிராமனின் பிழை. கட்டிவைத்த வேலையை அவிழ்த்துப் பெயர் மட்டும் மாற்றுகிறவர்கள் விடுகிற பிழை அது. ஆனால் அச்சில் வந்தது வந்ததுதான். கலியாணம் முடிந்த கிழமையிலேயே சிவகாமிப்பிள்ளைக்கு முன்மயிர் நரைத்தது; கண்ணோரத்தில் சுருக்கம் விழுந்தது; ஊர்ப் பெண்கள் அவளிடம் வந்து மூத்தவளிடம் கேட்கிறமாதிரி யோசனை கேட்டார்கள். மூத்த மகளுக்கு வீடு என்பது வழக்கம். வீட்டை அவளுக்கே எழுதினார்கள். ராசமலர் வீட்டின் பின்பக்கத்தில் சாய்த்து இறக்கிய ஒத்தாப்பில் படுத்தாள். காலையில் எழும்பினால் அவள் படுத்த பாய் அப்போதுதான் சந்தையிலிருந்து விரித்ததுபோல இருக்கும், தலையணையில் குழி இருக்காது.

அச்சகத்தை விட்டுப்போக அவளால் ஏலவில்லை. வீட்டுக்குச் சம்பளம் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் நின்றது வேறு காரணத்துக்கு. அவளுடைய பெயராக இருந்த ஈயத் துண்டுகள் அந்தப் பெட்டிகளுக்குள்தான் எங்கேயோ கிடந்தன. அதே ர, அதே ச, அதே ம. அவை கிடைத்தால் கோர்த்து, மை பூசி, ஒருதடவை தாளில் அழுத்தினால் போதும், கால் திரும்பப் பதியும், தான் இருந்தது எங்காவது தெரியும் என்று அவள் நம்பினாள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரம் ஏதாவது ஆறு துண்டுகளை எடுத்து ராசமலர் என்று கோர்த்து அடித்துப் பார்ப்பாள். தாள் வெள்ளையாகவே வரும். எழுத்தில் மை இருக்கும், தாள் அழுந்தியிருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. தம்பலகாமத்தில் வேறொரு ராசமலருக்குக் கலியாணம் நடந்தபோது அந்தக் கார்டை இவள்தான் கோர்த்தாள்; அது நன்றாக விழுந்தது. தன் பெயர் என்று நினைத்துக் கோர்த்தால் மட்டும் விழாது. பயன்படுத்திய துண்டுகளைத் தனி டப்பாவில் போட்டுவைத்துவிட்டு, மறுநாள் வேறு ஆறு எடுப்பாள். ஆயிரக்கணக்கில் எழுத்துகள் இருந்தன; அவளுக்கும் நாட்கள் இருந்தன.

இப்படி வருடங்கள் போயின. பஸ்களை அரசாங்கம் எடுத்தது. சிவகாமிப்பிள்ளைக்குத் தங்கேஸ்வரி பிறந்தாள். ஊர் ராசமலரின் கால்களுக்குப் பழகியது. பழகியதும் உபயோகப்படுத்தவும் தொடங்கியது. கோயிலில் மெழுகிய தரை காயுமுன்னே விளக்கு வைக்க வேண்டுமென்றால் ராசமலரைக் கூப்பிட்டார்கள். விதைத்த மேடையில் நடந்து களை பிடுங்க அவளைக் கூப்பிட்டார்கள். முத்துமாரியம்மன் தீ மிதிப்பில் அவளும் மற்றவர்களோடு இறங்கினாள்; அவள் போன வழியில் சாம்பலும் கலையவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் ஒளிச்சுப் பிடித்து விளையாடும்போது அவள் தோளில் ஏறிக்கொண்டு, "ராசக்கா, அங்கால கொண்டுபோய் விடுங்கோ, தடம் தெரியாது" என்று காதுக்குள் சொல்வார்கள். அவளும் கொண்டுபோய் விடுவாள்.

1964 மார்கழிச் சூறாவளி அச்சகத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எழுத்துப் பெட்டிகள் கவிழ்ந்தன. ராசமலர் ஊராரோடு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஒதுங்கியிருந்தாள். மழை விட்டு, விழுந்த மரங்களைத் தாண்டி அவள் பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பெட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தரை சுத்தமாக இருந்தது. மஜீத் நாநா காய்ச்சலில் மூதூரில் கிடந்தார், பொறுப்பு முழுவதும் கதிராமனிடம் இருந்தது. சேற்றோடு கலந்த எழுத்தை யார் பிரித்துப் போடுவது என்று பார்த்து, அவன் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி நிறுத்து விற்றுவிட்டான். அவளுடைய டப்பாவையும் சேர்த்து. வாங்கியவர்கள் வெளியாட்கள் அல்லர். சல்லி மீனவர்கள். சூறாவளியில் வலை இழந்து, புதிய வீச்சுவலைகளுக்கு ஈயமணி வார்க்க ஈயம் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள் ராசமலர்.

"பழசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டா தொழில் நடக்குமே? யாழ்ப்பாணத்துக்குப் புது எழுத்துக்கு ஓடர் குடுத்திட்டன். உமக்கும் கண்ணுக்குச் சுகம்" என்றான் கதிராமன்.

அவள் ஊருக்கு ஓடினாள். கரையில் மீன்வாடிக் குடிசைகளுக்கு முன்னால் அடுப்பு மூட்டி, ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து முடித்திருந்தார்கள். மணிகள் வலையின் விளிம்பில் கோர்த்தாயிற்று. அடுத்த நாள் கடலில் நடந்ததைக் கண்டவர்கள் பலர். அந்த வலைகள் விழுந்த இடத்தில் தண்ணீரில் வட்டம் எழும்பவில்லை. சத்தமும் இல்லை. கண்ணாடியில் நிழல் விழுவதுபோல வலை இறங்கியது, மீன் வெருளவில்லை, மேய்ந்தபடியே வலைக்குள் வந்தது. அந்தப் பருவம் சல்லியில் பட்டதுபோல மீன் முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. சைக்கிள் மீன்காரர்கள் காவி முடிக்க ஏலாமல் கரையில் உப்புப் போட்டார்கள். சூறாவளியில் விழுந்த வீடுகள் அந்த மீனால் எழும்பின. தாய் கண்ணம்மை இருந்த வீட்டுக்கு ஓடு போட்டதும் அந்த மீனால்தான்.

ராசமலர் வாடி வாடியாகப் போய்க் கேட்டாள். தன் பெயர் இதற்குள் எங்கேயோ இருக்கிறது, உருகினாலும் அது ஈயம்தான், திருப்பித் தந்தால் வேறு ஈயம் வாங்கித் தருகிறேன் என்றாள். அவள் ஒருநாளில் அவ்வளவு பேசியதை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. அவர்கள் அவளை நல்லபடி இருத்தி, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். தகப்பனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர் ஒருவர் சொன்னார்: "நாங்கள் மாட்டம் எண்டு சொல்லேல்லை, பிள்ளை. இந்தப் பருவம் ஒண்டு போகட்டும். உன்ர பேராலதானே ஊர் சாப்பிடுது, புண்ணியமெல்லோ." அவள் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். அந்தப் பருவம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. கடலடிப் பாறைப் பார்களில் வலை கிழிந்து மணிகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய்ச் சேர்ந்தன. யாரும் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ராசமலர் மீன் தின்னவில்லை. மீன்பிடி ஊரில் அது பெரிய பகை. ஆனால் அதையும் ஊர் பழகிக்கொண்டது.

அடையாள அட்டைக்குப் பதிய ஆட்கள் வந்த வருடம் அவள் பெருவிரலில் மை பூசி ஏழெட்டுத் தாள் பழுதாக்கினார்கள். எல்லாம் வெள்ளை. பதிய வந்தவர் நல்ல மனிதர், "கையில ஏதும் வருத்தமோ, அம்மா?" என்று கேட்டார். "கையில ஒண்டுமில்லை" என்றாள். அவர் அந்தக் கட்டத்துக்குள் 'ஏலாது' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

1980இல் தங்கேஸ்வரிக்குக் கலியாணம் பேசினார்கள். மஜீத் நாநா மௌத்தாகிப் போய், அச்சகம் கதிராமன் கைக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. தங்கேஸ்வரி ராசமலரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். அச்சின்படி அதுதான் முறை. ஆனால் தாயின் கையைவிடச் சின்னம்மாவின் கையில் வளர்ந்தவள். அவள் தகப்பனிடம் போய், அழைப்பவர்களின் பெயர் வருகிற இடத்தில் சின்னம்மாவின் பெயரும் வர வேண்டும் என்றாள்.

"அது விழாது, மகள். வெள்ளையாக் கிடக்கும். நாலு பேர் சிரிப்பினம்."

"வெள்ளையாக் கிடந்தாக் கிடக்கட்டும். இல்லாட்டி நான் மணவறையில இருக்க மாட்டன், நீங்கள் ஆரையெண்டாலும் பேர் மாத்திக் கொண்டுவந்து இருத்துங்கோ. உங்களுக்குத் தெரியாத வேலையே?"

கதிராமன் மூன்று பெயரையும் எழுதிக் கொடுத்தான். ராசமலர் புதிய எழுத்தில் கார்டைக் கோர்த்தாள். கதிராமன், சிவகாமிப்பிள்ளை, ராசமலர். சூறாவளிக்குப் பிறகு தன் பெயரை அவள் கோர்த்தது அதுதான் முதல் தடவை. பொருத்தமான அளவுக்கு இடைவெளி விட்டாள், கட்டினாள், கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். புரூப் எதிர்பார்த்தபடியே வந்தது. மூன்றாவது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. கதிராமன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தன் அச்சகத்திலிருந்து இப்படிப் பொக்கை வாயோடு ஒரு கார்ட், அதுவும் தன் மகளின் கார்ட், வெளியில் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை. கட்டை அவிழ்த்தான். ராசமலரை எடுத்தான். மிச்சத்தை நெருக்கி நடுவில் நிறுத்தினான். திரும்பக் கட்டினான். இந்தமுறை அவன் கை பழகிய கையாக இருந்தது.

கார்டுகள் அடித்து, காய்ந்து, வெற்றிலையோடு வீடு வீடாகப் போயின. சாம்பல்தீவில் முதல் கார்டைப் பிரித்தவர்கள் அதில் சிவகாமிப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை இடைவெளியைக் கண்டார்கள். சல்லியிலும் அப்படியே. மூதூருக்கு லோஞ்சில் போன கார்டிலும் அப்படியே. கதிராமன் ஓடிப்போய் மெசினில் இருந்த கட்டைப் பார்த்தான். அது நெருக்கமாகத்தான் இருந்தது. புதிதாக ஒன்று அடித்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். ஈரத்தில் நெருக்கமாக இருந்த பெயர்கள், மை காயக் காய, வாங்கில் ஆள் வந்தால் தள்ளி இருக்கிறவர்களைப்போல மெல்ல விலகி இடம் விட்டன. யாரும் சிரிக்கவில்லை. கார்டை வாசித்தவர்கள் எல்லோரும், எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் உட்பட, அந்த இடத்தில் தடக்காமல் ராசமலர் என்று வாசித்தார்கள். அந்த அளவு வெள்ளைக்கு அந்தப் பக்கத்தில் வேறு பெயர் கிடையாது.

மறுநாள் அச்சகத்தில் கதிராமன், "வடிவுக்காகத்தான் எடுத்தனான், ராசு. வேற ஒண்டும் நினைக்கேல்லை" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். "நீங்கள் ஒருநாளும் ஒண்டும் நினைச்சுச் செய்யிறேல்லை."

கலியாணத்துக்கு முதல்நாள் சிவகாமிப்பிள்ளை ஒத்தாப்புக்கு வந்தாள். தலை முழுவதும் வெளுத்து, முதுகு வளைந்து, தாய்போல இருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இனியாவது என்னை அக்கா எண்டு கூப்பிடாதையுங்கோ, ராசக்கா. எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள். ராசமலர் தங்கேஸ்வரியின் கூறைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி மடிப்புவரை மடித்தாள். பிறகு எழும்பி, சிவகாமிப்பிள்ளைக்குக் கதிரை எடுத்துப் போட்டு, "இருங்கோ, அக்கா. கால் நோகும்" என்றாள்.

கால்கள் அதற்குப் பிறகும் மணலில் பதியவில்லை. பெருவிரலும் அப்படியே. கண்ணம்மை சாகும்போது இந்த மகளின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை, கடைசிவரை "ராசு எங்க, ராசு எங்க" என்று கேட்டாள். "இஞ்சதான் நிக்கிறன்" என்று ராசமலர் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

1982இல் வாக்காளர் பெயர் இடாப்பைச் சரிபார்க்கப் புதிய கிராம சேவகர் சல்லிக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு போனவர் ஓர் இடத்தில் நின்றார். இலக்கம் இருந்தது, விலாசம் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. எழுத்து விடுபட்டுப் போயிற்றோ என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். வரிசையில் முன்னால் நின்ற மீனவர் ஒருவர், "விடுபடேல்லை ஐயா, சரியாத்தான் கிடக்கு. வாசியுங்கோ" என்றார். கிராம சேவகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, அந்த வெள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ராசமலர்" என்று கூப்பிட்டார்.

"ஓம்" என்றாள் ராசமலர்.

அவர் அடுத்த பெயருக்குப் போனார்.